தராசு வேண்டும், தாழ்ப்பாள் வேண்டாம்

(வெருகலில் நடைபெற்ற பெற்றார் கூட்டமொன்றில், பரீட்சை விலக்குக் கோரும் மனுவைப் பற்றிச் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



தலைவர் அவர்களின் மேசைமீது ஒரு மனு இருக்கின்றது. கல்வி அமைச்சருக்கு அனுப்புவதற்காக எழுதப்பெற்ற மனு அது. வெள்ளத்தினாலும் ஆசிரியர் பற்றாக்குறையினாலும் அல்லலுற்ற இப்பிரதேச மாணவருக்குக் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை விலக்குக; தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டே சித்தி வழங்குக; உயர்தர வகுப்பில் சேர்த்துக்கொள்க என்பது அதன் சாரம். உங்களிற் பலர் அதிற் கையொப்பமிடும் ஆவலோடு வந்திருக்கின்றீர்கள் என்பதை நான் அறிவேன்.

அந்த மனுவின் முதற் பிரதியை எழுதியவன் நானே. நீங்கள் கேட்டீர்கள், எழுதிக் கொடுத்தேன். எழுதியவனே இன்று எழுந்து நின்று, "அதில் இப்படியே கையொப்பமிட வேண்டாம்" என்று கேட்டுக்கொள்கின்றேன். கட்சிக்காரனுக்கு ஒரு பேச்சு, மன்றத்துக்கு ஒரு பேச்சு என்று சட்டத்தரணிகளைப் பழிப்பார்கள். அந்தப் பழி எனக்கு வராதிருக்க வேண்டுமாயின், என் மனம் மாறிய காரணத்தை ஒளிவுமறைவின்றி உங்கள் முன் வைத்தாக வேண்டும்.

குறை பொய்யன்று

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். உங்கள் குறை பொய்யன்று. சோம்பேறிகளின் முறையீடும் அன்று.

மகாவலி கங்கையின் ஒரு கிளையே நம் வெருகலாறு. மலைநாட்டிலே பெய்கின்ற மழைக்கு இங்கே நாம் கணக்குக் கொடுக்கின்றோம். வடகீழ்ப் பருவமழை நவம்பர், டிசம்பர் மாதங்களில் நம்மீது பொழிகின்றது என்பது இந்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த புவியியல். நீண்ட காலமாகச் சாதாரண தரப் பரீட்சை நடைபெற்ற மாதம் எது? டிசம்பர். அண்மை ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சை எந்த மாதத்துக்கு வந்து சேர்ந்தது? நவம்பருக்கு. 2024ஆம் ஆண்டு நவம்பர் 25இல் அப்பரீட்சை தொடங்கிற்று. இரண்டு நாட் கழியுமுன்னே புயல் மழையால் நிறுத்தப்பட்டு டிசம்பர் 4இலேதான் மீண்டும் தொடர்ந்தது. 2025இல் மறுபடியும் அதே கதை. அதனினும் கொடிய கதை. நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலில் நாடே நீரில் மூழ்கிற்று. மாவிலாற்றுக் கட்டு உடைந்தது. பரீட்சை இடைநடுவில் நின்றது. எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியிலே நடத்தப்பட்டன.

இரண்டு மாரிகளில் இரண்டு முறை. மூன்றாவது முறையும் வந்தால் அதை விபத்து என்று யாரும் சொல்ல முடியாது. நாட்காட்டியைக் குறித்தவர்கள் நம் வானத்தைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளம் வடிந்துவிடும். வடியாத வெள்ளம் ஒன்று உண்டு. அது ஆசிரியரில்லாத வகுப்பறை. நான் சாதாரண தரம் எழுதிய காலத்தில், நான் படித்த பாடசாலையிலே பத்தாம் ஆண்டு முழுவதும் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை. விவசாய பாடம் படிப்பித்த ஐயா ஒருவர், தம் பாடம் முடிந்தபின், தமக்குத் தெரிந்த அளவில் எங்களுக்குக் கணிதமும் சொல்லித் தந்தார். வயலிலே நின்று அவணக் கணக்கிலும் மரைக்கால் கணக்கிலும் பின்னத்தை விளக்கினார். இன்று நான் நீதிமன்றில் வட்டிக்கணக்குப் பார்க்கும் வேளைகளில் அவரை நினைத்துக்கொள்கின்றேன். நாங்கள் சிலர் தப்பிப் பிழைத்தோம். பலர் பிழைக்கவில்லை. பிழைக்காதவர்கள் எங்களிலும் அறிவு குன்றியவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஒரு பெறுபேற்றுத் தாள்

சில ஆண்டுகளுக்கு முன் காணி விடயமாக ஓர் இளைஞர் என் அலுவலகத்துக்கு வந்தார். கடற்றொழில் செய்பவர். காணிப் பத்திரங்களை எடுப்பதற்காகப் பொலித்தீன் உறையொன்றைத் திறந்தார். பத்திரங்களுக்கு மேலே, நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அதை ஒதுக்கி வைத்தார். "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை ஐயா, பழைய ரிசல்ற்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஒன்பது பாடங்கள். எட்டிலே சித்தி, தமிழிலும் வரலாற்றிலும் அதிவிசேடச் சித்தி. கணிதத்துக்கு நேரே மட்டும் டபிள்யூ என்ற ஓர் எழுத்து. உயர்தரத்துக்கு எடுக்கவில்லை என்றார்கள், வீட்டில் மறுமுறை எழுதுவதற்கு வசதி இல்லை, வள்ளத்தில் ஏறிவிட்டார். "பிறகு ஏன் இதைப் பத்திரமாக வைத்திருக்கின்றீர்?" என்றேன். சிரித்தார். "எட்டுப் பாடம் பாஸ் ஐயா. எறிய மனம் வரவில்லை."

இந்த மண்ணில் 2006ஆம் ஆண்டிலே மாவிலாற்றுப் போர் மூண்டபோது, உடுத்த உடையோடு ஆற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடியவர்கள் நீங்கள். வீட்டை விட்டீர்கள், மாட்டை விட்டீர்கள், அறுவடைக்கு நின்ற வேளாண்மையை விட்டீர்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களை மட்டும் இடுப்பிலே செருகிக்கொண்டு ஓடிய தாய்மாரை நான் அறிவேன். சான்றிதழின் மதிப்பை வெருகல் மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அந்தத் தாளின் மதிப்பை அறிந்தவர்கள் நீங்கள் என்பதனாலேயே, அதன் மதிப்பைக் குறைக்கும் மனுவிற் கையொப்பமிடாதீர்கள் என்கின்றேன்.

சுட்டெண் நமக்குக் கேடயம்

பரீட்சை மண்டபத்திலே உங்கள் பிள்ளைக்கு ஒரு சுட்டெண் வழங்கப்படுகின்றது. விடைத்தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, பாடசாலைப் பெயர் இல்லை. எங்கேயோ அமர்ந்து புள்ளியிடுகின்ற ஆசிரியருக்கு, அந்தத் தாள் கொழும்பிலே மாடிக் கட்டடத்தில் படித்த பிள்ளையுடையதா, வெருகலிலே கூரை ஒழுகும் வகுப்பில் படித்த பிள்ளையுடையதா என்பது தெரியாது. தெரியக்கூடாது என்பதே விதி. நீதிதேவதையின் கண்ணைக் கட்டி வைத்திருக்கின்றார்களே, அந்தக் கண்கட்டு இந்தச் சுட்டெண்தான்.

பரீட்சையை விலக்குங்கள் என்று கேட்கும்போது, அந்தக் கண்கட்டையும் அவிழ்த்துவிடுங்கள் என்று நாம் கேட்கின்றோம். பிள்ளையின் தகுதியை யாரோ ஒருவர் மதித்துத்தானே ஆக வேண்டும்? விடைத்தாள் இல்லாத இடத்தில் எதைக் கொண்டு மதிப்பார்? பாடசாலையின் பெயரைக் கொண்டு மதிப்பார்.

இது என் கற்பனையன்று. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் இங்கிலாந்திலே உயர்தரப் பரீட்சையை நிறுத்தினார்கள். ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீட்டை ஒரு கணினிச் சூத்திரத்திலே போட்டார்கள். அந்தப் பாடசாலை முந்திய ஆண்டுகளில் எவ்வாறு செய்தது என்பதையும் அச்சூத்திரம் கணக்கிலெடுத்தது. முடிவு என்ன? ஆசிரியர் இட்ட தரங்களுள் நூற்றுக்கு 40க்குச் சற்றுக் குறைவானவை கீழே இறக்கப்பட்டன. நெடுங்காலமாகப் பெறுபேறு குறைந்திருந்த பாடசாலையிலே முளைத்த கெட்டிக்காரப் பிள்ளையை, முன்னே படித்தவர்களின் நிழல் வந்து மூடிற்று. மாணவர் தெருவில் இறங்கினர். ஆகஸ்ட் 13இல் வெளியிட்ட பெறுபேற்றை ஆகஸ்ட் 17இல் அரசு கைவிட்டது. இந்தச் சூத்திரத்தில் வெருகலைப் போட்டால் என்ன விடை வருமென்று நான் சொல்லவா வேண்டும்?

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2020 ஜூன் மாதத்தில், நடக்கவிருந்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அரசு விலக்கியது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 வீதம், வருகைக்கு 20 வீதம் எனப் புள்ளியிட்டு அனைவரையும் தேறியவராக்கியது. நமது மனு கேட்பது ஏறக்குறைய இதனையே. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் விலக்கப்பட்டது. அப்போது பத்தாம் வகுப்பிலிருந்து 50 வீதம், பதினொராம் வகுப்பிலிருந்து 20 வீதம், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, உள்மதிப்பீடுகளிலிருந்து 30 வீதம் எனக் கணக்கிட்டனர்.

நோய் வீட்டு வாயிலில் நின்ற வேளையில் பிள்ளையின் உயிரை முன்னிறுத்திய அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய புள்ளியைக் கொண்டு புதிய தகுதியை அளந்தபோது, முன்னே சறுக்கி, "இறுதிப் பரீட்சையிலே எழுந்துவிடுவேன்" என்று விளக்கடியில் விழித்திருந்த பிள்ளைக்கு அந்த எழுச்சிக்கு இடமில்லாது போயிற்று. நம் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள். வெள்ளமும் அறுவடையும் தவணைப் பரீட்சைகளை விழுங்கிவிடும். கடைசி மூன்று மாதத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். அவர்களுடைய கையிலுள்ள ஒரே ஆயுதம் இறுதிப் பரீட்சை. அதைப் பறித்துவிட்டு, தவணைப் புள்ளியைக் கொண்டு நீதி செய்க என்று நாமே விண்ணப்பிக்கலாமா?

இன்னுமொன்று. தமிழ்நாட்டில் விலக்கு எல்லோருக்கும் பொதுவாக வந்தது. ஆகவே எவர் நெற்றியிலும் தனிமுத்திரை விழவில்லை. நாம் கேட்பதோ இப்பிரதேசத்துக்கு மட்டுமான விலக்கு. நாளை வேலை தேடிச் செல்லும் பிள்ளையிடம், "வெருகலா? அது பரீட்சையில்லாத சான்றிதழ் அல்லவா?" என்று ஒருவன் கேட்டால், கெட்டிக்காரப் பிள்ளையும் தலைகுனிய வேண்டும். "இவர்களுக்குத்தான் சலுகை கொடுத்தாயிற்றே, இனி ஆசிரியர் எதற்கு?" என்று ஒரு கோப்பிலே குறிப்பெழுதவும் வழி பிறக்கும்.

ஒரே அளவுகோல் கேட்ட மக்கள் நாம்

தரப்படுத்தல் என்ற சொல்லை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் இல்லை. 1970களின் தொடக்கத்தில், பல்கலைக்கழகம் புக விரும்பிய பிள்ளை எந்த மொழியில் எழுதினான் என்பதைப் பார்த்துப் புள்ளியெல்லை வகுத்தார்கள். தமிழில் எழுதியவன் கூடிய புள்ளி பெற வேண்டியவனானான். அன்று நம் முன்னோர் கேட்டது என்ன? விலக்கா? சலுகையா? எல்லோருக்கும் ஒரே அளவுகோலைக் கேட்டார்கள்.

பின்னர் மாவட்ட அடிப்படை வந்தது. அதனால் யாழ்ப்பாணத்துக்கு நேர்ந்த இழப்பு வேறு. திருகோணமலை போன்ற மாவட்டங்கள் அதனாற் பயன் பெற்றதும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. இன்றும் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக ஒதுக்கப்படுகின்றது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் நம் மாவட்டமும் ஒன்று.

இந்த இரண்டு முறைகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். மொழிவாரித் தரப்படுத்தல் தராசிலே கைவைத்தது. மாவட்ட ஒதுக்கீடோ தராசைத் தொடாமல், வாசலை அகலப்படுத்துகின்றது. பிள்ளை பெற்ற புள்ளி பெற்ற புள்ளியாகவே நிற்கின்றது. அந்தப் புள்ளியோடு உள்ளே வருவதற்கு வழி விடப்படுகின்றது.

தராசிலே தவறு நேர்ந்தால் கேட்பதற்கும் இடம் இருக்கின்றது. 2011ஆம் ஆண்டு உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒன்றாக்கி இசட் புள்ளி கணித்தார்கள். மாணவர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2012இல் அக்கணிப்பை நீக்கி, வேறாகக் கணிக்குமாறு நீதிமன்றம் பணித்தது. விடைத்தாள் இருந்தபடியாலன்றோ வழக்கு நின்றது? எழுதாத பரீட்சைக்கு எதைக் காட்டி வழக்காடுவது?

எது தாழ்ப்பாள்?

அப்படியாயின், "இருக்கிறபடியே இருக்கட்டும் என்கின்றீரா?" என்று கேட்பீர்கள். இல்லை, ஒருபோதும் இல்லை.

பரீட்சைக்கு இரண்டு தொழில்கள் உண்டு. பிள்ளை எதைக் கற்றிருக்கின்றது, எதைக் கற்கவில்லை என்று காட்டுவது முதலாவது. அது தராசின் தொழில். அந்தப் பெறுபேற்றைக் காட்டி, "இனி நீ பள்ளிக்கு வராதே" என்று கதவடைப்பது இரண்டாவது; அது தாழ்ப்பாளின் தொழில். நம்மை வதைப்பது இரண்டாவது தொழில். நாம் கோபத்திலே முதலாவதை உடைக்கப் புறப்பட்டிருக்கின்றோம்.

உயர்தரம் செல்வதற்கான பொதுவிதியை நீங்கள் அறிவீர்கள். ஆறு பாடங்களில் சித்தி. அவற்றுள் தாய்மொழியும் கணிதமும் அடங்க வேண்டும். மூன்று பாடங்களிலேனும் திறமைச் சித்தி. இடைக்கிடை தளர்வுகள் வந்து போனதுண்டு. ஆனால் கணிதம் என்ற அந்த ஒற்றை ஆணியிலே தொங்கிப்போன வாழ்வுகள் எத்தனை! மறுமுறை எழுதலாமே என்பார்கள். எழுதலாம். பணமுள்ளவன் தனியார் வகுப்புக்குச் சென்று எழுதுவான். வள்ளத்தில் ஏறிவிட்டவன் எப்போது எழுதுவான்?

அமெரிக்காவிலே மசசூசெற்ஸ் என்றொரு மாநிலம் உண்டு. அங்கே 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த பொதுப்பரீட்சையில் தேறினாலன்றி உயர்பள்ளிச் சான்றிதழ் இல்லை என்ற விதி, 2003இல் வெளியேறிய மாணவர் முதல் நடைமுறையில் இருந்தது. வறியவர் பிள்ளைகளும், ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளும் இந்த விதியாற் படும் பாடு நெடுநாள் வாதமாக இருந்தது. 2024 நவம்பரில் அம்மாநில மக்கள் வாக்களித்து அந்த விதியை நீக்கினார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர் நீக்குக என்றனர். ஆனால் பரீட்சையை நிறுத்தினார்களா? இல்லை. பரீட்சை முன்போலவே நடக்கின்றது. எந்தப் பாடசாலை எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கின்றது என்று காட்டுகின்றது. பிள்ளையின் வாசலை மட்டும் அது அடைப்பதில்லை. தராசை வைத்துக்கொண்டார்கள், தாழ்ப்பாளைக் கழற்றினார்கள்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதன்று. 2017இல் பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வி என்ற திட்டம் 42 பாடசாலைகளில் தொடங்கப்பட்டது. சாதாரண தரப் பெறுபேறு எதுவாயினும், பிள்ளை பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஆண்டுகளில் தொழிற்பாடங்களைப் படித்துத் தேசிய தொழிற்றகைமை பெறலாம் என்பதே அதன் கருத்து. கருத்து நல்லது. ஆனால் நாற்பத்திரண்டிலே தொடங்கிய அந்த வாசல் நம் பிள்ளையின் நடைதூரத்துக்கு வர வேண்டும். ஆற்றைக் கடந்து, பஸ் ஏறி, விடுதி தேடிப் போனால்தான் கிடைக்கும் உத்தரவாதம், வறியவன் பிள்ளைக்கு உத்தரவாதமாகாது.

சட்டம் என்ன சொல்கின்றது?

என் தொழில் சட்டம் என்பதால் சட்டத்தையும் சற்றுப் பார்ப்போம். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. பின்னர், கட்டாயக் கல்வியின் வயது 5 முதல் 14 வரை என்றிருந்ததை, 2016இல் 16 வரை உயர்த்தினார்கள். உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிடின் அதிகாரி வந்து கேட்கலாம். மிக நன்று. ஆனால் பதினாறு வயதில் என்ன நடக்கின்றது? அதே பிள்ளை சாதாரண தரம் எழுதுகின்றது. நேற்றுவரை "வராவிட்டாற் குற்றம்" என்ற அரசு, இன்று "வந்தால் இடமில்லை" என்கின்றது.

நம் அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, கல்வியின் எல்லா நிலைகளிலும் யாவர்க்கும் சமமான வாய்ப்பை உறுதிசெய்வது அரசின் குறிக்கோள் என்கின்றது. அதைக் கொண்டு வழக்காட முடியாதென 29ஆம் உறுப்புரை கதவைச் சாத்தியிருப்பதும் உண்மை. ஆயினும் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கின்றது. அது வழக்காடக்கூடிய உரிமை.

எல்லா நாட்டு நீதிமன்றங்களும் ஏற்கும் பழைய நீதிவாக்கு ஒன்று உண்டு: தான் செய்த தவறிலிருந்து எவனும் தானே பயன் பெறலாகாது. ஆசிரியரை அனுப்ப வேண்டிய கடன் யாருடையது? அரசினுடையது. அனுப்பாதது யாருடைய தவறு? அரசினுடையது. அந்தத் தவறின் விளைவாகப் பிள்ளை கணிதத்தில் தவறினால், "நீ தவறிவிட்டாய், வெளியே போ" என்று அதே அரசு சொல்ல முடியுமா? கடன் தராதவன் வட்டி கேட்டாற்போன்றது அது.

கொள்ளைநோய்க் காலத்தையும் நினைவிற் கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் நடக்க வேண்டிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சில் நடந்தது. 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 மே மாதத்திலேயே நடந்தது. பரீட்சையைக் கைவிடவில்லை என்று பெருமை பேசினார்கள். பிள்ளையின் காலத்தையல்லவா கைவிட்டார்கள்! எழுதுவதற்கும் பெறுபேற்றுக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையே ஓராண்டு காத்திருந்த பிள்ளைகளுள், வசதியுள்ளவர்கள் காத்திருந்தார்கள்; வசதியற்றவர்கள் கூலிக்குப் போனார்கள்.

கணிதம் வேண்டாமா?

"கணிதம் தெரியாதவனை உயர்தரத்தில் அமர்த்தினால் தரம் தாழ்ந்துவிடாதா?" என்று ஆசிரியப் பெரியவர் ஒருவர் சற்று முன் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கணிதம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வேளாண்மைக்காரனுக்கும் கடற்றொழிலாளிக்கும் கணக்குத் தெரியாவிட்டால், இடைத்தரகன்தான் அவர்களுக்குக் கணக்குப் பார்ப்பான். பன்னிரண்டாம் ஆண்டிலே வரலாறும் தமிழும் படிக்கும் பிள்ளைக்கு, வாரத்தில் சில பாடவேளை அடிப்படைக் கணிதமும் சொல்லிக் கொடுங்கள். மறுபடி எழுதச் செய்யுங்கள். வகுப்புக்குள்ளே இருப்பவனுக்குத்தான் கணிதம் கற்பிக்கலாம். வெளியே தள்ளப்பட்டவனுக்கு யார் கற்பிப்பார்? கணிதத்தின்மீது மெய்யான அக்கறை உள்ளவன் பிள்ளையை உள்ளே வைத்திருக்கவே விரும்புவான்.

மூன்று கோரிக்கைகள்

ஆகவே, அன்பர்களே, மேசைமீதுள்ள மனுவை மீளப் பெற்றுக்கொண்டு, மூன்று கோரிக்கைகளை அதனிடத்தில் வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

முதலாவது: மாரிகாலத்தில் நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கக்கூடாது. வைத்தேயாக வேண்டுமாயின், எந்தப் பிள்ளையும் வெள்ளநீரைக் கடந்து வராதபடி அவ்வக் கரையிலே நிலையம் வேண்டும். வெள்ளத்தால் எழுத முடியாது போனவர்க்கு, அதே தரத்திலான வேறு வினாத்தாளுடன் விரைவில் மறுபரீட்சை வேண்டும். நாம் கேட்பது விலக்கன்று, தவணை. நீதிமன்றிலே தக்க காரணம் காட்டியவனுக்குத் தவணை கொடுக்கின்றார்கள். பிள்ளைக்கு ஏன் கொடுக்கலாகாது?

இரண்டாவது: சாதாரண தரம் எழுதிய எந்தப் பிள்ளைக்கும், பெறுபேறு எதுவாயினும், பன்னிரண்டாம் ஆண்டில் ஏதேனும் ஒரு துறையில் இடம் வேண்டும். கலைத்துறைக்குத் தகுதியிருந்தும் கணிதத்தில் மட்டும் தவறியவர், கணிதத்தை உடன் படித்துக்கொண்டே தொடர வழி வேண்டும். தொழிற்பாடப் பிரிவு இப்பிரதேசத்துக்குள்ளேயே வேண்டும். இது வெருகலுக்கு மட்டுமல்ல, நாடு முழுவதற்கும் வேண்டும். அம்பாந்தோட்டையிலும் மொனராகலையிலும் ஆசிரியரின்றிப் படிக்கும் சிங்களப் பிள்ளைக்கும் இதே குறைதான். அவர்களையும் சேர்த்துக் கேட்கும்போது நம் குரல் ஓங்கும்.

மூன்றாவது: ஒவ்வொரு பாடசாலையின் பெறுபேற்றையும் வெளியிடும்போது, பத்தாம், பதினொராம் ஆண்டுகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் எத்தனை மாதம் ஆசிரியர் இருந்தார் என்பதையும் அருகே வெளியிட வேண்டும். பிள்ளைக்கு மட்டும் புள்ளி போதாது. கற்பிக்கக் கடமைப்பட்டவனுக்கும் புள்ளி வேண்டும்.

நாளைக் காலையிற் செய்ய வேண்டியது

மனு எழுதுவது எளிது. சாட்சியம் இல்லாத மனு குப்பைக் கூடைக்குப் போகும். ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகின்றேன். ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு பெற்றாரைத் தெரிந்தெடுங்கள். எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்குங்கள். எந்த நாள், எந்த வகுப்பு, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று பிள்ளைகளைக் கேட்டு, நாள்தோறும் எழுதுங்கள். பொய் வேண்டாம், கூட்டிச் சொல்லவும் வேண்டாம். ஆசிரியர் வந்த நாளையும் எழுதுங்கள். வெள்ளத்தைக் கடந்து நனைந்த உடையோடு வந்து படிப்பிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களுக்கு அது நன்றிப் பத்திரமாக இருக்கட்டும்.

அதற்கிடையில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இப்பிரதேசப் பாடசாலைகளுக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, உள்ளவர் எத்தனை என்று கேட்டு நான் விண்ணப்பம் எழுதித் தருகின்றேன். அதற்கு எனக்குக் கூலி வேண்டாம். ஆறு மாதத்தில் அவர்கள் தரும் கணக்கையும் நம் கொப்பிக் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். அப்போது அமைச்சரின் வாயிலில் இரப்பவர்களாக நிற்கமாட்டோம். கணக்கோடு வந்த கடன்காரர்களாக, கொடுத்ததைக் கேட்க வந்தவர்களாக நிற்போம். நியாயம் அங்கே கிடைக்காவிடின், அதே கொப்பிகளை எடுத்துக்கொண்டு 12ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றின் வாயிலுக்குச் செல்வோம்.

அந்தக் கடற்றொழிலாளித் தம்பி இன்றும் தம் தாளை வைத்திருக்கின்றார். அவருடைய எட்டுப் பாடங்களும் உண்மையான சித்திகள். யாரும் இரக்கப்பட்டு இட்டவை அல்ல. அதனாலேயே அவருக்கு அதை எறிய மனம் வரவில்லை. அடுத்த தலைமுறைக்கு நாம் கொடுக்கும் தாளும் அப்படிப்பட்ட தாளாகவே இருக்கட்டும். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் பள்ளி வாசலுக்கு வெளியே நிற்கும் நிலை இனி வேண்டாம்.

பழைய மனுவை மடித்து வையுங்கள். கொப்பிகளை வாங்குங்கள்.